வயதான அப்பா அம்மாவோடு பல நாள் மலைப்பாதைப் பயணம்: திட்டம் போடுவதிலிருந்து வீடு திரும்பும் வரை

வயதான அப்பாவையோ அம்மாவையோ காரில் கூட்டிக்கொண்டு நாலைந்து நாள் மலையில் சுற்றிவர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். எந்தக் கணவாய், எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்குவது என்று. நான் சொல்வது நேர்மாறு. முதலில் அவர்களுடைய சாதாரண ஒரு நாளைக் காகிதத்தில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எழுந்ததும் எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பத் தயாராகிறார்கள், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால், மதியம் படுப்பார்களா, இரவு எத்தனை தடவை எழுந்திருக்கிறார்கள். அந்த நாளைக் கலைக்காமல் நடுவில் எவ்வளவு சாலை நுழையுமோ, அவ்வளவுதான் அன்றைய பயணம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருகிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம், பிள்ளை ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறானே என்ற எண்ணம், தன்னால் எல்லோருக்கும் தாமதம் ஆகிறதோ என்ற பயம். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போ" என்று சொல்லிக்கொண்டே இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால், அவர்கள் வாய் திறந்து கேட்காமலே எல்லாம் கிடைக்கிற மாதிரி பயணத்தை அமைக்க வேண்டும்.

படி 1: அவர்களுக்கு என்ன பார்க்க ஆசை என்று கேளுங்கள்

"எங்கே போகலாம்?" என்று கேட்டால் "உனக்கு எங்கே தோணுதோ அங்கே" என்ற பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். அருவி பிடிக்குமா, பனி பார்த்ததுண்டா, காட்டுக்குள் போகிற சாலையா, பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற உச்சியா, ஒரே இடத்தில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்குமா, தினம் ஒரு ஊர் பிடிக்குமா. போட்டோ காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது, முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். அவர்கள் தேர்ந்தெடுத்த ஓர் இடமாவது திட்டத்தில் இருக்கட்டும், அது உங்களுக்குச் சுவாரசியமில்லாத இடமாக இருந்தாலும் சரி. பயணம் தன்னுடையது என்று நினைக்கிறவர்தான் வழியில் வாய் திறந்து பேசுவார்.

பயத்தையும் கேளுங்கள். சிலருக்குப் பள்ளத்தின் ஓரமாகப் போகிற சாலை என்றாலே உள்ளங்கை வியர்த்துவிடும். அவர்களுக்காக, பள்ளம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க சீட்டை ஒதுக்கலாம், அல்லது அந்தச் சாலையையே தவிர்க்கலாம். சொல்லாமல் கொண்டுபோய் அங்கே நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

படி 2: டாக்டரைப் பார்ப்பது, கிளம்புவதற்கு 4 முதல் 6 வாரம் முன்னால்

கடைசி வாரத்தில் போனால் பிரயோஜனமில்லை. ஏதாவது மாத்திரையை மாற்றினால் அது உடம்புக்குப் பழகவும் நாள் வேண்டும். "மலைக்குப் போறோம் டாக்டர், போகலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எத்தனை மீட்டர் உயரம் வரை ஏறுகிறோம், எந்த உயரத்தில் தூங்குகிறோம், எத்தனை நாள், பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வயது மட்டும் மலைக்குத் தடையில்லை. உயரத்தினால் வரும் நோய் வயதானவர்களுக்குத்தான் அதிகம் வரும் என்றும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது இதயமும் நுரையீரலும்தான். சமீபத்தில் மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம், பெரிய அறுவை சிகிச்சை ஏதாவது நடந்திருந்தாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ, நாள்பட்ட மூச்சுத் தொல்லை, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு தடைப்படும் பிரச்சினை இருந்தாலோ, அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்கமாகப் பேசுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கண்ணில் விழித்திரை அறுவை சிகிச்சை செய்து உள்ளே வாயுக் குமிழி வைத்திருந்தால், அது முழுக்கக் கரையும் வரை மலை ஏறவே கூடாது. உயரம் கூடக் கூட அந்தக் குமிழி விரிந்து கண் அழுத்தத்தை ஏற்றும், பார்வையே போகலாம். சமீபத்தில் கண் ஆபரேஷன் ஆனவர் என்றால் கண் டாக்டரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாளில் அதை விட்டுவிடுவது உண்டு. வழியில் தொல்லையாக இருக்குமே என்று தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள், சொல்லவும் மாட்டார்கள். நேரத்தை மட்டும் மாற்றி, வண்டி ஓட்டம் முடிந்த பிறகு சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அப்படி மாற்றித் தருவார்கள்.

வாந்தி வராமலிருக்க மாத்திரை வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கிப் போட்டுவிடுவதும் பழக்கம். டைமென்ஹைட்ரினேட், ப்ரோமெதசின், மெக்லிசின் மாதிரி மருந்துகளும், காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கோபோலமைன் பட்டையும் வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கம், குழப்பம், தடுமாற்றம் கொடுக்கக்கூடியவை. புராஸ்டேட் வீக்கம் இருப்பவருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம், சிலவகைக் கண் அழுத்த நோய் இருப்பவருக்குக் கண்ணுக்கு ஆபத்து. டாக்டர் பெயர் எழுதிக் கொடுத்ததை மட்டும், அதுவும் வீட்டில் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்த பிறகு எடுத்துச் செல்லுங்கள்.

அப்புறம், பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால் ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு அது பொருந்துமா, மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் செலவு அதில் சேருமா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படி 3: உயரத்தைப் புரிந்துகொள்வது

"மலைப்பாதை" என்ற ஒரே பேருக்குள் ரொம்ப வேறுபட்ட சாலைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே சுமார் 755 கிலோமீட்டர் நீளம், ஆனால் அதன் மிக உயரமான இடமே 1,850 மீட்டரைத் தாண்டாது. ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர். ராக்கி மலையில் ட்ரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் வரை ஏறுகிறது. முதலாவதில் பெரியவருக்குச் சவால் வளைவுகளும் தூரமும்தான். மூன்றாவதில் காற்றே சவால். 2,500 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் முக்கால்வாசி, 3,700 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு.

பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதுதான் உடம்புக்கு முக்கியம். ஒரு கணவாயைக் காரில் ஏறி, அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மறுபக்கம் இறங்கித் தாழ்வான ஊரில் தூங்கினால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை வருவதில்லை. அதே உச்சியில் தங்கினால் கதை வேறு. பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு இது: சமவெளியிலிருந்து ஒரே நாளில் 2,750 மீட்டருக்கு மேல் போய்த் தூங்காதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை உயரம் கூட்டாமல் அதே ஊரில் இன்னொரு இரவு தங்குங்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதல் மலைப் பயணத்துக்கு 2,500 மீட்டருக்குக் கீழே தூங்குகிற மாதிரிதான் பாதையைப் போடுவேன். பார்க்க அழகான மலைச் சாலைகள் அந்த உயரத்துக்குள்ளேயே நிறைய இருக்கின்றன, இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்தவருக்குத்தான் மறுநாள் காட்சி காட்சியாகத் தெரியும்.

உயரத்தில் வேறு சிலவும் மாறும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் இறங்கும், அடிவாரத்தில் வியர்க்கிறதே என்று ஸ்வெட்டரை டிக்கியின் அடியில் போட்டுவிடாதீர்கள். வெயிலில் புற ஊதாக் கதிரும் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கூச்சம் அதிகமாக இருக்கும் என்பதால் நல்ல கறுப்புக் கண்ணாடியும் அகல விளிம்புத் தொப்பியும் அவசியம்.

படி 4: பாதையும் நாள் கணக்கும்

மேப் காட்டும் நேரத்தை நம்பி மலையில் திட்டம் போடாதீர்கள். அது நிற்காமல் ஓட்டுகிறவருக்கான கணக்கு. பெரியவரோடு போகும்போது அதோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், 3 மணி நேரம் காட்டினால் நாலரை என்று. ஒரு நாளைக்குச் சக்கரம் உருளும் நேரம் 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முழங்கால் வலி, முதுகு வலி இருந்தால் 3 மணி நேரம் போதும்.

காலையில் கிளம்பி மதியம் இரண்டு மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏற மலைச்சரிவில் சூடான காற்று மேலெழுந்து மதியத்துக்கு மேல் மேகமும் மழையும் கூடுவது மலைகளின் பொது வழக்கம், காட்சி தெளிவாக இருப்பதும் காலையில்தான். மாலையில் மலை நிழல் விழுந்து பள்ளத்தாக்கு சீக்கிரமே இருட்டிவிடும். இருட்டில் மலைச்சாலையில் ஓட்டும் அவசியம் ஒரு நாள்கூட வராத மாதிரி திட்டம் இருக்க வேண்டும்.

தினம் ஒரு ஊரில் தங்கி, தினம் பெட்டி கட்டுவது பெரியவர்களைக் களைப்பாக்கும். புதுக் கட்டில், புதுக் கழிவறை, சுவிட்ச் எங்கே என்று தேடுவது, இதெல்லாம் நமக்கு ஒன்றுமில்லை, 75 வயதில் அது வேலை. ஓர் ஊரில் இரண்டு மூன்று இரவு தங்கி, அங்கிருந்து பக்கத்து இடங்களுக்குப் போய் வருவது எவ்வளவோ மேல். ஐந்து இரவுப் பயணம் என்றால் இரண்டே தங்குமிடம் போதும். நடுவில் ஒரு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள், எந்த இடமும் எழுதாமல். மழை பெய்தாலோ உடம்புக்கு முடியவில்லை என்றாலோ அந்த நாள் கைகொடுக்கும், எதுவும் ஆகவில்லை என்றால் அவர்களே சொல்லும் இடத்துக்குப் போகலாம்.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய காட்சி. மற்றதெல்லாம் வழியில் அகப்படுகிறது. காட்சிமுனைகளைத் தேர்ந்தெடுக்கும்போது வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி, எவ்வளவு ஏற்றம், கைப்பிடி உண்டா, உட்கார பெஞ்சு உண்டா என்று பாருங்கள். சமீபத்தில் போனவர்கள் போட்ட போட்டோக்களில் இந்த விவரமெல்லாம் தெரியும். பல மலைச்சாலைகளில் நல்ல காட்சி சாலையோரத்திலேயே இருக்கும், இறங்கி நான்கு அடி வைத்தால் போதும், 300 படி ஏறிப் பார்க்க வேண்டியதில்லை.

பருவத்தைச் சரிபாருங்கள். உயரமான கணவாய்கள் பல குளிர்காலத்தில் மூடப்படும். மழைக்காலத்தில் நிலச்சரிவு. கிளம்பும் முந்தின நாளும், ஒவ்வொரு நாள் காலையிலும் சாலை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது பல் தேய்ப்பது மாதிரிப் பழக்கமாக இருக்கட்டும்.

கடைசியாக ஒரு பட்டியல்: பாதை நெடுக ஒவ்வொரு மணி நேர இடைவெளியிலும் கழிவறை எங்கே, பெரிய ஆஸ்பத்திரி எங்கே, மருந்துக் கடை எங்கே, பெட்ரோல் எங்கே. காகிதத்தில் எழுதி வண்டியில் வையுங்கள். மலையில் சிக்னல் போகும். மேப்பையும் இணையம் இல்லாமல் திறக்கிற மாதிரி முன்பே இறக்கி வையுங்கள்.

படி 5: வண்டி

பெரியவருக்கு ஏற்ற வண்டி எது என்பதை சீட்டின் உயரம்தான் முடிவு செய்கிறது. ரொம்பத் தாழ்வான சீட் என்றால் எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்காது, ரொம்ப உயரமான வண்டி என்றால் ஏறும்போது காலைத் தூக்க முடியாது. கதவைத் திறந்து, பின்பக்கமாகத் திரும்பி அப்படியே உட்கார்ந்தால் இடுப்பு சீட்டில் பதிய வேண்டும், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் ஆயிற்று. இதை அவர்களையே செய்யச் சொல்லிப் பார்த்து வண்டியை முடிவு செய்யுங்கள். உயரமான வண்டிதான் கிடைக்கிறது என்றால் அகலமான, வழுக்காத சின்ன ஸ்டூல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வளைவுகளில் குமட்டல் வருகிறவர் முன்சீட்டில் இருக்கட்டும். தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும், போனைக் குனிந்து பார்க்கக் கூடாது. முன்சீட்டை ஏர்பேகிலிருந்து முடிந்த அளவு பின்னால் தள்ளுங்கள். தூங்குவதற்காக சீட்டை முழுக்கச் சாய்த்துவிட்டால் சீட் பெல்ட் உடம்பைப் பிடிக்காது, லேசான சாய்வு போதும். தடித்த கம்பளிக் கோட்டின் மேல் பெல்ட் போட்டாலும் அது தளர்வாகத்தான் இருக்கும், கோட்டைக் கழற்றி மடியில் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை வைப்பது நல்லது.

வண்டியை மெக்கானிக்கிடம் காட்டும்போது பிரேக், டயர், கூலன்ட், பேட்டரி, வைப்பர், மூடுபனியில் கண்ணாடி ஆவி நீக்கும் வசதி, ஸ்டெப்னி. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் சக்தியை இழக்கும், சுமையும் ஆட்களும் நிறைந்த சின்ன வண்டி செங்குத்தான ஏற்றத்தில் திணறுவது அதனால்தான். மின்சாரக் கார் என்றால் ஏற்றத்திலும் குளிரிலும் பேட்டரி வேகமாகக் குறையும், இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

ஓட்ட இரண்டு பேர் இருந்தால் ரொம்ப நல்லது. ஒருவர் ஓட்ட, ஒருவர் பெரியவரைக் கவனிக்க. நீங்கள் மட்டும்தான் என்றால் உள்ளூர் டிரைவரை அமர்த்துவதைப் பற்றி யோசியுங்கள், வளைவைப் பார்த்து ஓட்டிக்கொண்டே அப்பாவின் முகத்தையும் கவனிப்பது நடக்கிற காரியம் இல்லை.

படி 6: தங்குமிடம்

போனில் கேட்டே முடிவு செய்யுங்கள், படத்தைப் பார்த்து அல்ல. தரைத்தளத்தில் அறை உண்டா? வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி? மலை விடுதிகளில் "தரைத்தளம்" என்பதே சரிவில் இருபது படி கீழே இருக்கும். உட்காரும் வகைக் கழிவறையா, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா, குளியலறைத் தரை வழுக்குமா, எந்நேரமும் சுடுதண்ணீர் வருமா, அறையைச் சூடாக்கும் வசதி என்ன?

குளிருக்காக அறைக்குள் கரியோ விறகோ மூட்டிக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். மின்சார ஹீட்டர், கூடுதல் போர்வை, சுடுதண்ணீர்ப் பை, இவை போதும்.

அறைக்குள் போனதும் கட்டிலிலிருந்து கழிவறை வரை அவர்களோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். வழியிலிருக்கும் மிதியடியைச் சுருட்டி வையுங்கள். சின்ன இரவு விளக்கு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள், பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். புது இடத்தில், இருட்டில், பாதித் தூக்கத்தில் விழுவதுதான் இந்த மாதிரிப் பயணங்களில் நான் அதிகம் பயப்படுகிற விஷயம்.

படி 7: மருந்துப் பை

பயண நாளுக்கு மேல் குறைந்தது ஐந்து நாளுக்கான மாத்திரை கூடுதலாக வேண்டும், சாலை மூடினால் மாட்டிக்கொள்வோம். இரண்டாகப் பிரித்து ஒன்றை உங்கள் பையிலும் ஒன்றை அவர்கள் கைப்பையிலும் வையுங்கள். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து இரண்டு போனில் சேமியுங்கள். மருந்தின் வேதிப் பெயர், வியாதிகள், ஒவ்வாமை, ரத்த வகை, டாக்டர் நம்பர் எல்லாம் எழுதிய ஒரு தாள் அவர்கள் பர்சில் இருக்கட்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள்: திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் அது வீண், உருகிய பிறகும் போடக் கூடாது. ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி வைக்காதீர்கள், குளிர் இரவில் வண்டியில் விட்டு வராதீர்கள், வெயிலில் மூடி நிற்கும் காரிலும் விடாதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் பென்னை உங்கள் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை பார்க்கும் கருவி குளிரில் தப்பாகக் காட்டும், அதையும் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினால், கிளம்புவதற்கு முன்பே வீட்டில் சில நாள் பார்த்து எழுதி வையுங்கள். வழக்கமான எண் தெரிந்தால்தான் மலையில் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. 3,000 மீட்டரில் ஆரோக்கியமானவருக்கே 90 சதவீதத்தை ஒட்டிக் காட்டும். விரல் சில்லென்று இருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடத்துக்குத்தான் வரும், அதை நம்பி மேலே ஏற வேண்டாம்.

படி 8: ஒத்திகை

பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரு நாள், நாலு மணி நேரம் எங்காவது ஓட்டிப் போய் வாருங்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருக்கிறது, எந்த சீட்டில் முதுகு வலிக்கிறது, எந்தச் செருப்பில் இறங்கி நடக்கத் தடுமாறுகிறார்கள் எல்லாம் அன்றே தெரிந்துவிடும். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

படி 9: ஓட்டும்போது

முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ஒரு தடவை நிறுத்துங்கள். யாரும் கேட்க வேண்டாம், தேவை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டாம். "நான் கொஞ்சம் காலை நீட்டிக்கிறேன், வாங்க" என்று நீங்களே இறங்கிவிட்டால் அவர்களும் இறங்குவார்கள். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது, ஐந்து நிமிட நடை அதற்கும் நல்லது, மூட்டுக்கும் நல்லது. வண்டியில் இருக்கும்போது குதிகாலை ஊன்றி விரலைத் தூக்குவது, விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். வயதானால் தாகம் எடுப்பதே குறையும். அதோடு கழிவறைக்குப் பயந்து வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். உலர்ந்த மலைக் காற்றில் இரண்டும் சேர்ந்தால் தலைசுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று. அடுத்த கழிவறை எங்கே என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், "இன்னும் இருபது நிமிஷத்துல ஒரு நல்ல இடம் இருக்கு" என்றால், தயங்காமல் குடிப்பார்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

ஏற்றத்தில் வேகமாக முடுக்கி, வளைவில் பிரேக் அடித்து, மறுபடி முடுக்குவதுதான் குமட்டலுக்குக் காரணம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஒரே சீராகத் திரும்புங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில், தேவைப்பட்டால் அதற்கும் கீழான கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் தாழ்வான கியரில் நிறுத்தும் வசதி உண்டு, அதைக் கிளம்பும் முன்பே பழகுங்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை முறை. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் ஓரமாக ஒதுங்கி விட்டுவிடுங்கள், உங்களுக்கு அவசரம் இல்லை.

இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, மிட்டாய் சப்புவது உதவும். சளி பிடித்திருந்தால் மெதுவாக இறங்குங்கள், தூங்குகிறவரை எழுப்பி விழுங்கச் சொல்லுங்கள்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் வளைவு ஏறக் கூடாது, வெறும் வயிற்றோடும் கூடாது. எண்ணெயும் காரமும் குறைவாகக் கொஞ்சம் கொஞ்சமாக. சர்க்கரை வியாதி இருந்தால் சாலை மறித்து நின்றுவிட்டாலும் சாப்பிட ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும்.

அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். அடுத்த ஊரின் பெயர்ப் பலகையைப் பார்ப்பது, பாட்டுத் தேர்ந்தெடுப்பது, எங்கே நிறுத்தலாம் என்று சொல்வது. பின்சீட்டில் போர்த்திப் பத்திரமாக உட்காரவைத்து ஊர் காட்டினால் அவர்கள் பார்வையாளர், வேலை கொடுத்தால் சக பயணி.

படி 10: தினமும் காலையில் பார்க்க வேண்டியது

எழுந்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு"தான். தலை வலிக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க, சாப்பிடப் பிடிக்குதா, கால் வீங்கியிருக்கா காட்டுங்க என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உயரமான ஊரில் வந்து சேர்ந்த முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை உயரத்தினால் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் உயரத்தில் மூச்சை மந்தமாக்கும், வேண்டாம். அசெட்டசோலமைட் என்ற மருந்து உயரத்துக்குப் பழக உதவும், ஆனால் அது சிறுநீரை அதிகமாக்கும், வேறு மாத்திரைகளோடு மோதவும் கூடும், ஆகவே படி 2-லேயே டாக்டரிடம் பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடாத இருமல் இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, திடீரென்று ஆள் குழம்பிப் பேசினாலோ காத்திருக்காதீர்கள். வயதானவர் தடுமாறினால் "அசதியா இருக்கும்" என்று விட்டுவிடுவது சுலபம், அதுதான் ஆபத்து. உடனே இறங்குங்கள், 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும், அப்படியே ஆஸ்பத்திரிக்கு. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் தளர்வது, வாய் கோணுவது இவற்றுக்கு முதலில் அவசர எண்ணை அழையுங்கள். பல நாடுகளில் செல்போனிலிருந்து 112 வேலை செய்யும், உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் பெரும்பாலும் அழைப்பு போகும்.

அன்றைய இடம் பார்க்காமல் திரும்ப வேண்டி வந்தால் அதைச் சோகமாக்காதீர்கள். "உங்களால்தான்" என்ற வார்த்தை எந்த வடிவத்திலும் வரக் கூடாது. ஒரு தடவை அது காதில் விழுந்துவிட்டால், மறுநாளிலிருந்து வலியை மறைக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதற்கப்புறம் உங்களுக்கு உண்மை தெரியவே தெரியாது.

படி 11: திரும்பி வந்த பிறகு

திரும்பிய மறுநாள் எந்த வேலையும் எந்த விருந்தாளியும் வேண்டாம். சர்க்கரையும் பிபியும் ஒரு வாரம் வழக்கமான நேரத்தில் பார்த்து எழுதுங்கள், சாப்பாடும் நடையும் மாறியிருந்ததால் எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கலாம். பயணத்துக்காக மாத்திரை நேரத்தை மாற்றியிருந்தால் பழைய நேரத்துக்குத் திரும்புவது எப்படி என்பதையும் டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். இரண்டு காலும் லேசாக வீங்கி ஓரிரு நாளில் வடிந்தால் அது பெரும்பாலும் உட்கார்ந்தே வந்ததால்தான். ஒரு காலில் மட்டும் வீக்கம், ஆடுசதையில் வலி, சூடு, சிவப்பு என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், திடீரென்று மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்த உறைவு பயணம் முடிந்து சில வாரம் கழித்தும் தெரியவரலாம், அதனால் ஒரு மாதம் வரை கால் மேல் கண் இருக்கட்டும்.